மஞ்சக் குண்டு

நடுராத்திரி தாண்டியிருக்கும். மாட்டுப்பட்டியிலேருந்து ரகோப்ஸ் ஊருக்குப் போற மணல் தடம். ரெண்டு பக்கமும் முள்ளுக்காடு. எதிர்ல ஒரு வண்டி வந்தாலே அதிசயம்...

நடந்தது எனக்கில்ல. டயர் கடை ஓதெங் இருக்கான்ல, அவன் மச்சான் மொவாகிக்கு. எல்லாரும் நெருப்புக்குக் கிட்ட வாங்க. கபோ, நீ இளிக்காத. சாயங்காலம் உன் வண்டியைச் சுத்திப் பார்த்தேன். உனக்காகத்தான் இந்தக் கதையை எடுக்கிறேன்.

மொவாகி அப்பதான் பழைய பிக்கப் ஒண்ணு வாங்கியிருந்தான். மவுன் டவுன்ல என் மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் ஓட்டிட்டு வந்தான். புதுசா வண்டி வாங்கினவன் எல்லாம் கேக்குறதையே கேட்டான். கூரையில நீள லைட்டு, இன்ஜின் மூச்சு விட உசரமா மூக்குக்குழாய், பெரிய பெரிய டயர்... நான் சொன்னேன், "முதல்ல சேஸிஸ்ல இழுவைக் கொக்கி போடு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. அடுத்து காத்தடிக்க ஒரு சின்ன பம்பு. மத்ததெல்லாம் நகை."

"கொக்கி யாரு கண்ணுக்குத் தெரியும், ரா? பின்னால ட்ரெய்லர் மாட்டுற குண்டு ஒண்ணு போடுங்க. அதுலயே இழுத்துக்கலாம்."

"அது ட்ரெய்லருக்கு. மணல்ல புதைஞ்ச வண்டியை அதுல மாட்டி சுண்டி இழுத்தா, குண்டு கழுத்து முறிஞ்சு பின்னால பறக்கும். பின்னால இருக்கிறவன் தலை தப்பாது."

"பேய்க் கதை சொல்லாதீங்க, ரா."

வாய்க்கு வாய் 'ரா'ன்னு மரியாதை, சொன்னா மட்டும் கேக்க மாட்டான். அவன் வண்டி, அவன் இஷ்டம். குண்டுக்கு மஞ்சப் பெயிண்ட்தான் வேணும்னு அடம். அவன் ஃபுட்பால் டீம் கலராம். அவசரம் வேற. காயறதுக்குள்ள மாட்டினேன், என் கட்டைவிரல் அதுல பதிஞ்சிருச்சு. இந்தா, இந்த விரல்தான்... குறுக்க வெட்டுத் தழும்பு இருக்கு பாருங்க. தழும்போட அப்படியே பதிஞ்சிருச்சு. அதுக்கும் அவன்கிட்ட திட்டு வாங்கினேன்.

அந்த வாரமே அவன் பொண்டாட்டி தினெயோவுக்கு இடுப்புவலி. தலைப்பிள்ளை. பட்டியில வேற பொம்பளை கிடையாது. முன் சீட்டுல சாய்ச்சு உக்காரவெச்சு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டான்.

வழியில ஒரு பழைய ஜீப்பு மணல்ல புதைஞ்சு நிக்குது. பக்கத்துல ஒரு ஆளு, கையைத் தூக்கிட்டு. மணல்ல மாட்டினவனைத் தாண்டிப் போறவனை நம்ம ஆளுங்க மனுஷனாவே மதிக்க மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். மொவாகி தாண்டிப் போனான். பாவம், அவன் வேற என்ன செய்வான்...

கொஞ்ச தூரம்தான் போயிருப்பான். அவன் வண்டியும் உக்காந்துருச்சு. டயர்ல முழுக் காத்து. மணல்ல காத்தைக் குறைச்சாத்தான் டயர் பரந்து, புதையாம ஓடும். மறுபடி ஏத்த பம்பு இல்லைன்னு ஐயா காத்தை இறக்கவே இல்ல. மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழிதான் தோண்டுது. கிளட்ச் கருகுற நாத்தம். தினெயோ பல்லைக் கடிச்சுக்கிட்டு முனகுறா. இன்ஜினை அணைச்சான்.

அப்ப கேட்டுச்சு.

ஸ்ஸ்ஸ்ஸ்...

பின்பக்க டயர். அது நின்னுச்சு. அப்புறம் அடுத்த டயர்... ஸ்ஸ்ஸ்ஸ்...

டார்ச்சோட இறங்கிப் பார்த்தான். அதே ஆளு. குத்துக்கால் வெச்சு உக்காந்து, டயர் டயரா காத்தை இறக்கிட்டிருக்கான். பக்கத்துல போனா பழைய துரு வாடை. "துமேலா, ரா"ன்னான் மொவாகி. பதில் இல்ல. நம்ம ஊர்ல கழுதை மேய்க்கிறவன்கூட பதில் வணக்கம் சொல்லாம இருக்க மாட்டான். இந்தாளு தலையே நிமிரல.

காத்து இறங்கினதும் உள்ள ஏறி மிதிச்சான், வண்டி சுலபமா மேல ஏறிருச்சு. மொவாகி கண்ணாடியில பின்னால பார்த்தான்... அந்த ஜீப்பு நிக்குது. அவ்வளவு தூரம் பின்னால விட்டுட்டு வந்த அதே ஜீப்பு, அதே மாதிரி புதைஞ்சு. அதோட மூக்குல இழுவைப் பட்டை மாட்டியிருக்கு. மறுமுனையை, இறங்கி வந்த மொவாகி கையில கொடுத்துட்டு, அந்த ஆளு போய் ஸ்டியரிங் பின்னால உக்காந்துட்டான்.

தினெயோ திரும்பிப் பார்த்தா. "வேணாங்க. அந்த வண்டி முன்கண்ணாடியில ஒரு ஓட்டை இருக்கு. அவன் மூஞ்சிக்கு நேரா."

"கல்லு பட்டிருக்கும்."

"பிள்ளை வருதுங்க. போயிடலாம்."

"ஒருவாட்டி விட்டுட்டு வந்தேன், தினெயோ. அப்படியும் வந்து நம்மளைத் தூக்கிவிட்டிருக்கான். ஒரே இழுப்பு, போயிடலாம்."

பட்டையைக் குண்டுல மாட்டினான். ஒரு ஓட்டம் கொடுத்து மிதிச்சான். பட்டை நீண்டுச்சு... முறுக்கேறுச்சு...

டங்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. இறங்கிப் பார்த்தா ஜீப்பு இல்ல, பட்டை இல்ல. பின்னால குண்டு இருந்த இடத்துல முறிஞ்ச கழுத்து மட்டும் பளபளன்னு மின்னுது. நிக்கல அவன். விடியறதுக்குள்ள ஆஸ்பத்திரி. பொம்பளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம்.

ஜீப்பு வெளிய வந்துருச்சு, அந்தாளு கிளம்பிப் போயிட்டான்னுதான் மொவாகி இன்னிக்கும் நம்புறான். "ஒரு நன்றிகூடச் சொல்லல, ரா"ன்னு குறைப்படுவான். நான் ஒண்ணும் சொல்றதில்ல.

ஏன்னா, மழைக்கு அப்புறம் காணாமப்போன மாட்டைத் தேடிப் போனவங்க, அந்தத் தடத்தை ஒட்டி முள்ளுக்குள்ள ஒரு ஜீப்பைப் பார்த்தாங்க. போலீஸ் என்னைக் கூப்பிட்டுச்சு, வெளிய இழுக்க. போனேன். சீட்டு வரைக்கும் மணல். பானட்டைத் துளைச்சுக்கிட்டு ஒரு முள்ளுமரம், என் தொடை தண்டி. எத்தனை வருஷம் நின்னா அவ்வளவு பெருக்கும்னு நீங்களே யோசிங்க. முன்கண்ணாடியில ஒரு ஓட்டை. ஓட்டுற சீட்டுல எலும்பு.

போலீஸ்காரன் சீட்டுக்குப் பின்னால கையை விட்டுத் துழாவி, ஒண்ணை எடுத்தான். மணலைத் தட்டி, டார்ச் அடிச்சுக் காட்டினான். அந்த வண்டியிலேயே துரு ஏறாத சாமான் அது ஒண்ணுதான். மஞ்சக் கலர்.

"யாருதுன்னு தெரியுதா, ரா?"

தெரியலைன்னேன். கையில வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கட்டைவிரல் ரேகை... குறுக்க வெட்டுத் தழும்பு.

அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்தேன். என் விரல்ல மஞ்சளா ஒட்டியிருந்துச்சு.

பெயிண்ட் இன்னும் காயல.