நடுச்செவுத்துல ஒரு ஓட்டை

இல்லீங்க யாகூப் பாய், அந்த ஓட்டைய நீங்க தொட வேண்டாங்க. அது இருக்கட்டும். அதுக்கு இக்கட்டால ஒண்ணு, அக்கட்டால ஒண்ணு, ரெண்டே ரெண்டுதான் நீங்க புதுசாப் போடோணும். இது வெங்கடாசலபதி. இது என்ற ஊட்டுக்காரரு, பாலகோபால்னு பேரு, போயி ஒம்பது வருசமாச்சுங்க. நடுவுல மாட்டற படத்தக் கடைசியாத் தரேன். அதுக்கு ஓட்டையும் இருக்குது, ஆப்பும் இருக்குது, திருகாணியும் இருக்குது. இத்தன நாளா நாள்காட்டி தொங்கிட்டிருந்துச்சு. இன்னைக்கு வெடியாலதான் கழட்டி வெச்சேன்.

ஓட்டை போடற மிசினுக்குப் பிளக்கு அந்தக் கதவுக்குப் பின்னால இருக்குதுங்க. பாத்து, அங்க ஒரு பை வெச்சிருக்கறேன், காலுல தட்டிரப்போகுது.

டைல்ஸு வெடிச்சுராதுங்களே? அப்பிடிங்களா, டேப்ப ஒட்டி அதும்மேல வெச்சுப் போட்டா பிட்டு வழுக்காதுங்களா. நல்ல யோசனைதான். தண்ணிங்களா? இருங்க, சொம்புல கொண்டாரேன். நானே ஊத்தறேனுங்க, சொட்டுச் சொட்டாத்தானே? சும்மா உக்காந்திருக்க முடியல எனக்கு இன்னைக்கு.

என்னங்க, உள்ளூர்ல ஆளில்லாமயா உக்கடத்துலிருந்து உங்கள வரச்சொன்னேன்? இருக்கறானுங்க, வேலுமணின்னு ஒரு மேஸ்திரி. இந்த டைல்ஸ ஒட்டுனதே அவந்தான். அவனக் கூப்புட்டா அரைமணி நேரத்துல என்ற பையன்ற லேத்துப் பட்டறைக்குச் சேதி போயிரும். நீங்க போன வாரம் பேங்க்ல போர்டு மாட்டிட்டிருந்தீங்க பாருங்க, நான் பென்சன் வாங்க வந்தவ நின்னு பாத்துட்டேதான் இருந்தேன். இவரு நம்ம பெரியநாயக்கன்பாளையத்துக்காரரு இல்ல, இவரத்தான் கூப்புடோணும்னு அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன்.

பையனுக்குத் தெரியாதுங்க. சசிதர்னு பேரு. அவனும் மருமவளும் ஒத்தக்கால்ல நிப்பாங்க, டைல்ஸுல ஆணியே அடிக்கக் கூடாதுன்னு. மருமவ பேத்தியக் கூட்டிட்டுத் திருப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கறா. அவன் ஆறு மணிக்குத்தான் வருவான். மணி நாலுதானுங்களே ஆகுது? அப்பச் சரி.

அழகாத்தான் இருக்குதுங்க. இல்லேங்கல. நீங்க சொல்றாப்புல, நல்ல டைல்ஸுதான். தெருவுலயே பெரிய ஊடு, கல்லூட்டுக்காரங்க, அவங்களே வந்து தடவிப் பாத்துட்டுப் போனாங்க. பாத்ரூமுலதானே செவுத்துக்குப் போடுவாங்க, நீங்க என்ன ஹாலுல மேல வரைக்கும் போட்டிருக்கறீங்கன்னு கேக்காத ஆளில்ல. நான் என்ன சொல்லுவேன் தெரியுங்களா? என்ற பையன் எனக்காகப் போட்டதுன்னு சொல்லுவேன். எத்தன பேருத்துகிட்டச் சொல்லியிருப்பேன். பால்காரன உட்டு வெச்சேனா, கேஸ் சிலிண்டர் கொண்டாறவன உட்டு வெச்சேனா.

போன வருசம் எனக்கு நெஞ்சுல நீரு கோத்துப்போச்சுங்க. தை மாசக் கடைசி. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில இருபத்திரெண்டு நாளு கெடந்தேன். பாதி நாளு எனக்கு நெனவே இல்ல. பொழச்சு வந்து, கார விட்டு எறங்கி, சசி கையப் புடிச்சு உள்ள வந்தா இந்தச் செவுரு பளபளன்னு நிக்குது. நான் போறப்பச் சுண்ணாம்பு உதுந்து கெடந்த செவுருங்க. என்னடா சாமி இதுன்னு கேட்டேன். நாங்க ஊட்டுக்குள்ள தெலுங்கு பேசறவங்க. நீ கோசரமேம்மான்னான். உனக்காகத்தாம்மான்னு. நான் செவுத்துல கன்னத்த வெச்சு அழுதேனுங்க. ஜில்லுன்னு இருந்துச்சு.

ஆமாங்க, அந்த ஓட்டை அப்பவே இருந்துச்சு. சரியா நடு மத்தியில, ஆளு ஒசரத்துக்கு மேல. கேட்டதுக்கு, வேலுமணி கைதப்பிப் போட்டுட்டான்னு சொன்னான். மேல டேப்பு சுத்தி ஒரு ஒயரு எட்டிப் பாத்துட்டிருந்துச்சு, அது என்னடான்னேன். டியூப் லைட்டுக்கு இழுத்தது, வேண்டாம்னு உட்டுட்டோம்னான். அன்னைக்கே நாள்காட்டியத் தொங்கவிட்டு மறைச்சுட்டான். கைதப்பிப் போட்ட ஓட்டையில ஆப்பு எதுக்கு வைக்கறான், திருகாணி எதுக்கு முடுக்கறான்னு எனக்குத் தோணலீங்க பாருங்க. புத்தி எங்க போச்சோ.

ஒண்ணு முடிஞ்சுதுங்களா? சாமிய மாட்டுங்க. இன்னுஞ் சித்தே இடது பக்கம். போதும். அடுத்தது அவரு.

என்ற பொண்ணு மேட்டுப்பாளையத்துல இருக்கறாங்க. மண்டிக்காரங்க ஊட்டுல குடுத்திருக்குது. அந்த இருபத்திரெண்டு நாளும் எனக்குப் பீ மூத்திரம் அள்ளுனவ அவதான். நான் ஊட்டுக்கு வந்து நாலாம் நாளு, இங்கதான், இந்தச் சேருல உக்காந்துட்டு, நான் தெருவுல போறவங்கள எல்லாங் கூப்புட்டுச் செவுத்தக் காட்டறதப் பாத்துட்டே இருந்தா. பாத்துட்டு, மெல்லமாத்தான் சொன்னா. அண்ணன் இத எதுக்குப் போட்டான்னு ஒருக்காக் கேளும்மான்னு.

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க பாய். அண்ணன் அம்மாளுக்குச் செஞ்சா உனக்கு வயிறு எரியுதான்னு கேட்டுப்போட்டேன். பக்கத்தூட்டுக்காரங்க ரெண்டு பேரு இருந்தாங்க, அவங்க முன்னாடி. உன்ற புருசன் ஊட்டுச் செவுத்துக்கு ஒரு கை சுண்ணாம்பு அடிக்க வக்கில்ல, நீ பேச வந்துட்டயான்னு. அவ பைய எடுத்துட்டா. மருமவ காபி கலக்கிக் கொண்டாந்து வெச்சது ஆறிப்போய்க் கெடந்துச்சு. அன்னைக்குப் போனவதான், பதினாலு மாசமாச்சு. ஒரு போனு இல்ல. அவளுக்கு அப்பவே எல்லாந் தெரியுமுங்க. தெரிஞ்சும் என்ற முகத்துக்கு நேரா ஒடைச்சுச் சொல்லாமப் போனா. அதுதான் எனக்குப் பொறுக்க மாட்டீங்குது.

எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னா, போன வெள்ளிக்கெழமை இவரு படத்தத் தேடுனேனுங்க. டைல்ஸு போடறப்பப் படத்தையெல்லாங் கழட்டி எங்கயோ சொருகிப்போட்டாங்க. சாமி படம் மச்சுல கெடச்சுது. இவரு பீரோவுக்குப் பின்னால இருந்தாரு. இவருக்கும் பின்னால, பேப்பர் சுத்தி, கடைக்காரன் கட்டுன சணல் கயிறு கூடப் பிரிக்காம, இன்னொரு படம் இருந்துச்சு.

பிரிச்சுப் பாத்துட்டு, நேரா வேலுமணி ஊட்டுக்குத்தான் போனேன். அவன் தலையச் சொறிஞ்சான். நல்லவன் பாவம், பொய் சொல்ல வராது. கேட்டதுக்குச் சொல்லிப்போட்டான். சசி அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரா வந்தாருங்கம்மா, எட்டு நாளுல முடிச்சுக் குடு, நாலு ஊரு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து உக்கார ஊடு, செவுரு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னாரு. அளவும் அவரேதான் குடுத்தாரு, படத்துக்கு ஒரு ஓட்டை, அதும்மேல சின்ன பல்புக்கு ஒரு ஒயருன்னு. இவ்வளவுதாங்க அவன் சொன்னது. தாய்க்காரி ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப எந்த ஒறம்பரைங்க ஊட்டுக்கு வந்து உக்காரும்?

ம். இவரும் ஒக்காந்துட்டாரு. நேராத்தான் இருக்குது. ரொம்ப சந்தோசமுங்க.

இந்தாங்க, நடுப் படம். பிரிங்க. பிரிச்சு நல்லாப் பாருங்க, பயப்படாதீங்க.

ஆமாங்க. நாந்தானுங்க.

நல்லா இருக்குதுங்களா? பெருசு பண்ணி, பின்னால நீலக் கலரு அடிச்சிருக்கறாங்க. கீழ எழுத்தப் படிங்க. கண்ணாடி இல்லீங்களா? எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு, நான் சொல்றேன். வரலட்சுமி பாலகோபால். தோற்றம்னு போட்டுப் பொறந்த தேதி, அது சரியாத்தான் போட்டிருக்கறான். அதுக்குக் கீழ மறைவு. பக்கத்துல பாருங்க, தேதிக்கு மட்டும் நாலு புள்ளி வெச்சு எடம் உட்டிருக்குது. அதுக்கப்பறம் பிப்ரவரி தொண்ணூத்தஞ்சு. மாசமும் வருசமும் போட்டாச்சு. நாளு ஒண்ணுதான் பாக்கி.

டாக்டரு கைய விரிச்சிருப்பாருங்க. அது எனக்குத் தெரியாதா? இவரு கெடந்தப்ப நானே கோடித்துணி எடுத்து வெச்சவ. அதுக்கு நான் அவனக் குத்தம் சொல்லல. நான் எந்திரிச்சு வந்துட்டனே, வந்து இந்தச் செவுத்துல மொகத்த வெச்சு அழுதனே, அப்ப ஒரு வார்த்த, இல்லீம்மா, வேற நெனப்புல போட்டது, மன்னிச்சுக்கோன்னு சொல்லியிருந்தா நானே சிரிச்சுப்போட்டு உட்டிருப்பேன். வாய் கூசாம உனக்காகத்தான்னானே. அந்தப் பொய்ய வெச்சு நான் பெத்த புள்ளைய வாசல் தாண்ட வெச்சுப்போட்டேன். அவ பைய எடுத்துட்டுப் போறப்ப இவன் இங்கயே நின்னுட்டு வாயத் தொறக்கல பாருங்க. அதுதானுங்க துரோகம். படம் பண்ணதில்ல.

தோள்மேல பாத்தீங்களா? அதென்ன கறையா? இல்லீங்க, வெரலு. நாலு வெரலு. அவன் வெரலுதான். நானும் அவனும் மேட்டுப்பாளையத்துல மலை ரயிலுக்கு முன்னாடி நின்னு எடுத்த போட்டோ அது. தோள்மேல கை போட்டுட்டு நிப்பான். அந்தப் போட்டோவத்தான் நடுவுல மாட்டோணும்னு ஒரு வருசமாத் தேடறேன், தொலைஞ்சுபோச்சும்மான்னே சொல்லிட்டிருந்தான். அவன வெட்டி எடுத்துட்டு என்ன மட்டும் பெருசு பண்ணியிருக்கறான். வெரலு மாத்தரம் தப்பிச்சு நிக்குது.

மாட்டுங்க பாய். தயங்காதீங்க, எனக்கொண்ணும் ஆகாது. அந்த ஒயர்ல இந்தச் செவப்பு பல்பையும் கோத்து உட்டுருங்க, ஹோல்டரும் வாங்கி வெச்சிருக்கறேன். மாலைங்களா? அது வேண்டாங்க. மாலைய அவன் வாங்கிட்டு வந்து போடட்டும்.

ம், எரியுது. கரெக்டாத்தான் அளவு குடுத்திருக்கறான்.

ஏனுங்க, ஒரே ஒரு ஒத்தாசை. கதவுக்குப் பின்னால இருக்கற அந்தப் பைய மட்டும் பஸ் ஸ்டாப்பு வரைக்குந் தூக்கிட்டு வாங்க. நீங்க உக்கடம் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க, நான் இந்தப் பக்கம் மேட்டுப்பாளையம் பஸ்ஸு ஏறிக்கறேன். அவ கதவத் தொறப்பாளோ மாட்டாளோ. தொறக்காட்டி வாசல்லயே உக்காந்துக்கறேன், பேசுன பேச்சுக்கு அது கூட இல்லாட்டி எப்பிடி.

சசி ஆறு மணிக்கு வருவானுங்க. செருப்பக் கழட்டறப்பவே அம்மா காபின்னு கேட்டுட்டேதான் உள்ள வருவான். இத்தன வருசத்துல ஒருநாளு மாறுனதில்ல.

இல்லீங்க, சுவிட்ச அணைக்காதீங்க. அது எரியட்டும்.