டோரீனின் கைப்பிடி

துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியைத்தான், கஸ்தூரிரங்கன் சார். புதுச் செருப்பு மாதிரிதான் அது. அளவு சரியாக இருந்தாலும் எங்கேயாவது கடிக்கும். என் மகள் டோரீனுக்குப் போட்டிக்கான புதுக் கைத்துப்பாக்கி வந்ததும், அதன் மரக் கைப்பிடியை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, அவள் உள்ளங்கைக்குப் பொருத்தியது நான்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி அவள் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும். அதற்கென்று தனியாக ஒரு குழிவு வைத்தேன்.

"டாடி, நீங்க என் கையைப் பிடிச்சிருக்க மாதிரியே இருக்கு" என்றாள். ரேஞ்சில் சுட்டுப் பார்த்தோம். குண்டுகள் இடப்பக்கம் ஒதுங்கின. குறிபார்க்கும் சைட்டை ஒரு துளி திருப்பிக் கொடுத்தேன். நடுவில் போய் உட்கார ஆரம்பித்தன. அன்று வீடு வரும்வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

என் மனைவி ஜூலியா போனபிறகு காக்ஸ் டவுன் வீட்டில் நாங்கள் இருவர்தான். டோரீன் தேர்வுப் போட்டியில் ஜெயித்தால் டில்லி கேம்ப்புக்குப் போவாள். அவளுடைய கோச் அஷ்வத்தும் கூடப் போவான். பிறகு அங்கேயே இருவருக்கும் கல்யாணம். அஷ்வத் நல்ல பையன். "அங்கிள், நீங்களும் அடிக்கடி டில்லிக்கு வாங்க" என்று மனசாரச் சொன்னான். என் மகளைப் பார்க்க என்னையே விருந்தாளியாகக் கூப்பிட்டான்.

போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதிப்பார்கள், சார். டிரிகரில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிடுவார்கள். டிரிகர் நழுவாமல் தாங்கினால்தான் சுட விடுவார்கள். தாங்காவிட்டால் சரிசெய்து கொண்டுவரச் சொல்வார்கள். சரிசெய்கிறவன் நான்தானே. நேரத்துக்கு முடியவில்லை என்று கையை விரித்துவிடலாம். அதனால் டிரிகரை இளக்கினேன். டோரீன் இரண்டு நாள் அழுவாள், பிறகு என்னோடு வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான் நான் நினைத்தது.

ரேஞ்சில் யாரும் வராத நேரமாகப் பார்த்து நானே ஒருமுறை சோதித்தேன். கையை இறக்கும்போது தானாக வெடித்தது. அளவுக்கு மேல் இளக்கிவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் எடை பார்ப்பதுதான் முதலில், சுடுவது அப்புறம். அவள் சுடுகிற கட்டமே வராது என்று அப்படியே விட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் அஷ்வத் சொன்னான், "அங்கிள், ஸ்வல்ப ப்ராக்டிஸ் பண்ணிடலாம். நீங்க கை வெச்ச கன், டென்ஷனே இல்ல."

நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். டோரீன் குண்டுகளைப் போட்டாள். அஷ்வத் அவளுக்கு இடப்பக்கம் நின்றான். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்துகூட நின்றேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். டோரீனிடம் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

முதல் குண்டு நடுவில் விழுந்தது. அவள் கையை இறக்கியபோது அது மறுபடி வெடித்தது. குண்டு முன்னாலிருந்த மேசையின் இரும்பு விளிம்பில் பட்டுத் தெறித்து அஷ்வத்தின் கழுத்தில் ஏறியது. அவன் என்னைப் பார்த்து "அங்கிள்" என்றான். அங்கேயே விழுந்தான், உயிர் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் டோரீன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "டாடி, நான் டிரிகரைத் தொடவே இல்லன்னு தோணுது. தொட்டிருப்பேனா?"

"தொட்டிருப்பே கண்ணு. தெரியாமத்தானே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வெளியே எங்கும் போகவில்லை. நான் ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். ஜூலியா இறந்தபோது தூங்கிய மாதிரி என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். அவள் படுகிற பாட்டைப் பார்த்து நானும் அழுகிறேன், சார். ஆனால் சொல்லக் கூசுகிறது, அவள் மூச்சு என் தோளில் படும்போது நிம்மதியாகவும் இருக்கிறது.

நேற்று நீங்கள் போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தபோது, "என் கைதான் சார் கொன்னுச்சு, என்னை உள்ள போடுங்க" என்றாள். நீங்களும் அதை மறுக்கவில்லை. வழக்கு வரும் என்றீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களோ என்று பயந்துதான் இன்று நானே வந்தேன்.

டிரிகரை இளக்கியது நான். வெடிக்கும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். அஷ்வத்தைக் கொன்றது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி, சார். அவளிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். தன் கைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தால், நான் வெளியே வரும்வரை அவள் வீட்டைவிட்டு எங்கேயும் போகமாட்டாள்.