வெட்டியவரே கூட்டிப்போன ஆஸ்பத்திரி

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கோர்ட்டில் வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கணவருடைய வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"வெட்டினவரேதான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாருன்னு சொன்னேன். வக்கீல் சிரிச்சிட்டாரு."

"சிரிக்காம என்ன பண்ணுவாரு? வாய்க்கால் தண்ணிக்காக வெட்டிட்டு, ஆட்டோவும் பிடிச்ச மகராசன் உங்க மாமா ஒருத்தர்தான்."

"அக்கா புருஷனாச்சே. அவரு ஜெயிலுக்குப் போயிட்டா அக்கா என்ன ஆகும்? அதான் வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் பட்டுடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்."

"நல்ல தம்பிதான்! இப்ப மம்பட்டி பிடிக்க முடியுதா? சட்டைப் பட்டனே நான்தான் போட்டுவிடறேன்."

"அதுக்குத்தானே நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போடறோம். டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய்னு காட்டணும். நேர்ல பார்த்தவங்க வந்து சாட்சி சொன்னாத்தான் கேஸ் நிக்குமாம்."

"பார்த்தது உங்க அக்கா மட்டும்தானே. கேட்டீங்களா?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, உங்களைத்தான். கேட்டீங்களா?"

"நேத்தே போன்ல கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அன்னைக்கு டாக்டர்கிட்ட நீ என்ன சொன்னியோ, கோர்ட்லயும் நான் அதையேதான்டா தம்பி சொல்லுவேன்'னுச்சு."