எம்பேருல ஒரு கம்பெனி

...வேலைக்கே போகாம மெனேஜர் ஆன ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களா தங்கச்சி? எங்க தேயிலத் தோட்டத்து லயத்துக்கு வாங்க, காட்டுறேன். எம் மருமகன்தான், றோய்னு பேரு. மேல வெள்ளச் சட்ட, டை. கீழ சாரம். கட்டில்ல உக்காந்தே கொழும்புக் கம்பெனிய நடத்துனாரு.

நீங்களும் பதுளைக்குத்தானே? நான் ஒரு கேஸுக்காகக் கோட்டுக்குப் போறேன். பயந்துறாதீங்க, யாரையும் வெட்டல. அந்த பஸ் ஜன்னலக் கொஞ்சம் இழுத்து விடுங்க, நமுனுகுல மலைக் குளிரு பசறை வரைக்கும் கூடவே வரும்.

ம்... என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? மருமகன். பண்டாரவளையில துணிக்கடைல நின்னவரு. மொதலாளி ஒரு வார்த்த சொல்லிட்டாராம், ரோசம் வந்து விட்டுட்டு வந்துட்டாரு. எம் மக ஜெனிற்றா கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிறா, இவரு போன நோண்டிக்கிட்டு கெடக்காரு. அப்பதான் அந்த வேல வந்திச்சு. வீட்டுல இருந்தே செய்யலாமாம். படிப்பு வேணாம், அனுபவம் வேணாம், சம்பளம் மட்டும் தொரைமாருக்குக் குடுக்குற மாதிரி. எதுவுமே வேணாம்னா ஒங்கள எதுக்குத் தம்பி தேடுறாங்கன்னு கேட்டேன். ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது அத்தைன்னுட்டாரு. வெளங்கலதான்.

இன்டவியூ வேற நடந்திச்சு. எப்பிடிங்கிறீங்க? அந்தப் பக்கத்து மேடம் வாயே தொறக்கல. எழுத்துலயே கேள்வி, எழுத்துலயே பதிலு, உக்காந்த எடத்துலயே செலக்ட். போட்டோல மட்டும் மேடம் அவ்வளவு அழகு. கொரலக் கேக்க ஏலுமான்னு ஜெனிற்றா கேட்டா, மீட்டிங்ல இருக்காங்களாம். எப்பக் கேட்டாலும் மீட்டிங்தான். எங்க தோட்டத்துல கொழுந்தெடுக்கப் புதுசா ஒருத்தி வந்தாக்கூட கங்காணி மூஞ்சியப் பாத்துட்டுத்தாங்க பேர் போடுவாரு. இங்க ஐடென்டி கார்ட முன்னயும் பின்னயும் படம் புடிச்சு அனுப்பச் சொன்னாங்க, அதுவும் ஒடனே, இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். எதுக்கெடுத்தாலும் ஒடனே, ஒடனே. வேல குடுக்குறாங்களா, வீட்டுல நெருப்புப் புடிச்சிருச்சான்னு தெரியல.

செய்யிற வேல என்னன்னு கேளுங்க. கணக்குக்குக் காசு வரும். தம் பங்க எடுத்துக்கிட்டு, மிச்சத்த அவங்க சொல்ற கணக்குக்கு அனுப்பணும். அதுக்குப் பேரு கலெக்சன் மெனேஜர். பேங்க்ல யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்க போட்டதுன்னு சொல்லணுமாம். அங்கயே எழும்பி ஓடியிருக்கணும்ங்க. நேர்மையான கம்பெனிக்கு எங்க சொந்தக்காரங்க எதுக்கு?

ஆனா பாருங்க, மத்தவங்ககிட்ட காசு கேட்டு ஏமாத்துவாங்க, இவருக்குக் குடுத்தாங்க. அதனால யாருக்கும் சந்தேகம் வரல. லயமே மெனேஜர், மெனேஜர்ன்னு கூப்புட்டுச்சு. கோழி வாங்கியாந்தாரு. நானுந்தான் தின்னேன்.

பொறகு அவரு கணக்கு மட்டும் பத்தாதுன்னுட்டாங்களாம். வீட்டுல வேற யாருக்குக் கணக்கு இருக்கு? எனக்கு. தோட்டத்துச் சம்பளம் விழுற கணக்கு. கார்டு, நம்பரு எல்லாத்தையும் கையில குடுத்தேன். ஆமா, குடுத்தேன். சிரிக்கணும்னா சிரிங்க.

ஒரு ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வந்து சட்டி கழுவிக்கிட்டிருக்கேன், ஒரு முஸ்லிம் அம்மா மேட்டுல மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வாராங்க. கையில காசு போட்ட பேங்க் துண்டு. பசறை ஆளு, ரஹ்மத்தும்மான்னு பேரு. துண்டுல இருந்த பேரயும் ஊரயும் வச்சு தோட்டத்து ஒபிஸுல விசாரிச்சு வந்திருக்காங்க. "இருதயம்மான்டு ஒரு மேடம் இருக்காங்களாம், கம்பெனி எது?"ன்னு எங்கிட்டயே கேக்குறாங்க. கரிச்சட்டியோட நிக்கிறேன் நானு. நாந்தாங்க இருதயம்மான்னேன்.

அவங்க லயத்தப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, துண்டப் பாத்தாங்க. ஏசுவாங்கன்னு நெனச்சேன். ஏசல. அப்பிடியே படியில உக்காந்துட்டாங்க.

அவங்க மக ஸில்மியாவுக்கும் அதே மேடம், அதே வேல. அந்தப் புள்ளைகிட்ட மட்டும் மொதல்ல ட்ரெய்னிங்குக்குன்னு காசு கேட்டாங்களாம், அப்புறம் லெப்டொப்புக்குன்னு, அப்புறம் போட்டதத் திருப்பி எடுக்குறதுக்கே இன்னும் கொஞ்சம் போடணும்னு. வேல குடுக்குறவன் நம்மகிட்டக் காசு கேப்பானா? காப்ப அடகு வச்சு போட்டிருக்காங்க. போட்டது எங்க? எங்கணக்குல. அதுலதாங்க எங்க வீட்டுக் கோழி வந்திருக்கு.

மெனேஜர் உள்ளருந்து டையோட எட்டிப் பாத்தாரு. ரஹ்மத்தும்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "மகன், இது யார்ட சல்லின்டு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?" அவரு டைய அவுக்கக்கூட தெரியாம கழுத்துலயே புடிச்சிக்கிட்டு நின்னாரு. ஜெனிற்றாதான் புள்ளையத் தூக்கிட்டு வந்து அந்தம்மாவுக்குத் தேத்தண்ணி குடுத்தா.

அப்புறம் என்ன, நாங்க ரெண்டு பொம்பளைகளும் ஒண்ணாப் போயி பொலிஸுல சொன்னோம். மருமகனையும் கூட்டிக்கிட்டுத்தான். பொலிஸ்காரரு எம்பேர எழுதிட்டு என்ன ஏற எறங்கப் பாத்தாரு. கள்ளி எப்பிடி இருப்பான்னு பாக்குறாரு போல. அப்ப ரஹ்மத்தும்மா சொன்னாங்க, "பேருதான் இவங்கட. ஏமாத்தினது இவங்க இல்ல"ன்னு. எங்க சொந்தக்காரங்க ஒருத்தராச்சும் எனக்காக அப்பிடிப் பேசியிருப்பாங்களா தெரியாது.

உள்ள வச்ச மருமகனுக்குப் பிணை கெடச்சிருச்சு. இப்ப சந்தையில கோவா, கெழங்கு மூட்ட தூக்குறாரு, அதுல கொஞ்சம் கொஞ்சமா ஸில்மியாவுக்குக் குடுக்குறாரு. மேடத்தத்தான் காணோம். நம்பரும் இல்ல, போட்டோ வேற யாரோ புள்ளையோடதாம். எங்கணக்கு இன்னும் பூட்டிக் கெடக்கு. நான் பறிச்ச கொழுந்துக்குக் காசு உள்ள, நான் வெளிய. அதப் பேசத்தான் இன்னைக்கு ஒரு லோயர் ஐயா வரச் சொன்னாரு.

பசறை வந்திருச்சா? அந்தா நிக்கிறாங்க, கறுப்பு அபாயா. ரஹ்மத்தும்மா, இங்கிட்டு வாங்க... அட, எழும்பிட்டீங்களா தங்கச்சி? பதுளைக்குன்னுதானே டிக்கட் எடுத்தீங்க? முன்னால போயி நிக்கிறீங்களா... சரி சரி, நல்ல மனசு. நீங்க உக்காருங்க ரஹ்மத்தும்மா. ஸில்மியா எப்பிடி? சாப்புடுதா?

மருமகனா? மொத பஸ்ஸுலயே போயிட்டாருங்க. ஒங்க மொகத்த எப்பிடிப் பாக்குறதுன்னு. கோட்டு வாசல்லயே நிக்கச் சொல்லியிருக்கேன். பாக்கத்தான் வேணும்.