கழுத்து லேபல்

– வெட்டிப் போட்டுடுறேன்னுதானே சொல்றேன், நாகலெட்சுமி. கவுன்ல லேபலே இல்லாட்டி யாருக்கு என்ன தெரியப் போவுது?

– எம் மகளுக்குத் தெரியும், லோரன்ஸ் அண்ணே. எந்த உடுப்பக் கண்டாலும் மீனம்மா மொதல்ல கழுத்தத்தான் திருப்பிப் பாக்குறா. கணக்கப்புள்ள மக கவுன்ல ‘மேட் இன் இந்தியா’ன்னு இருந்திச்சாம். அவதான் எழுத்துக் கூட்டிச் சொல்லிக் குடுத்திருக்கா. “அப்பா அனுப்புற கவுன்லயும் இப்பிடித்தானேம்மா இருக்கும்?”ங்கிறா.

– இதுல ‘மேட் இன் சிலோன்’னுல்ல இருக்கு.

– இந்த அட்டன் டவுன்ல வாங்கினதுல வேற என்ன இருக்கும்? அதப் பிரிச்சிட்டு இந்தியா லேபல் ஒண்ணு தச்சிக் குடுங்க. நாளன்னைக்குத் தீவாளி.

– ஐயோ மாதாவே! என்னைய மறியல்ல போட்டுக் கம்பி எண்ண வைக்கவா பாக்குற? வெளிநாட்டு உடுப்புன்னா எந்த நாடுன்னு போட்டிருக்கணும், மாத்திப் போட்டா குத்தம். சட்டம் சட்டந்தான். போன மாசந்தான் கீழ்த் தெருவுல ஒருத்தன் கடைய இழுத்துப் பூட்டினாங்க. இங்கன தச்ச சட்டைய இங்கிலாந்துச் சட்டைன்னு வித்திருக்கான்.

– நான் விக்கவா போறேன்? எம் மக ஒருத்தியத்தானே ஏமாத்தப் போறேன். சொல்லிட்டேன், மிஷின்ல தைக்காதீங்க, கையால தைங்க.

– ஏன், என் மிஷினுக்கு என்ன கேடு?

– ஆறு தையலுக்கு ஒண்ணு தாண்டுதே! போன தடவ நீங்க தச்ச ரவிக்கையப் பாத்து லயத்து வீடெல்லாம் சிரிச்சுது. எங்க வட்டவளைத் தோட்டத்துல யாரு கண்டாலும் லோரன்ஸ் தையல்னு கண்டுபுடிச்சிருவாங்க.

– சிரிக்கட்டும், சிரிக்கட்டும். நீங்கள்லாம் வந்தாத்தான் இந்தக் கடையில பேச்சுச் சத்தமே கேக்குது. செல்லசாமி கடுதாசி ஏதும் போட்டானா?

– எங்க போட்டாரு? திருச்சியில வீடு பாத்துட்டுக் கூப்புடுறேன்னு கப்பலேறின மனுசன். மூணு மாசம் கடுதாசி வந்திச்சு. அதோட சரி. ரெண்டு வருசமாச்சு.

– புள்ள கேக்குமே?

– கேட்டாத்தான் பரவால்லையே. தபால்காரர் வாற நேரம் வாசல்ல போயி நிப்பா. அவரு தாண்டிப் போனதும் ஒண்ணும் பேசாம உள்ள வந்து குந்திக்குவா. அதத்தாண்ணே தாங்க முடியல.

– ம். கவுனுக்குக்கூட இன்ன நாடுன்னு எழுதித் தர்றான். நாம எந்த நாடுன்னு கேட்டாத்தான் இந்தியா, சிலோன் ரெண்டு பக்கமும் கைய விரிக்கிறாங்க.

– அந்தக் கதையெல்லாம் பொறவு பேசலாம். நாலு மணி ரயிலப் புடிக்கணும் நான்.

– இந்தியா லேபலுக்கு நான் எங்க போவேன்?

– அதான் உங்க கழுத்துலயே இருக்கே.

– இதா! இது எம் மகன் ஜோர்ஜ் மெட்ராஸ்லேருந்து அனுப்பின சட்டை.

– தெரியாதாக்கும்! வாறவங்க போறவங்களுக்கெல்லாம் காலரத் திருப்பிக் காட்டுறீங்களே. ஞாயித்துக்கெழம பூசைக்கும் இதத்தானே போட்டுட்டுப் போறீங்க.

– அவன் நெனப்பா இருக்கிறது இது ஒண்ணுதான், தங்கச்சி.

– லேபல் போனா மகன் அனுப்பினது இல்லேன்னு ஆயிருமா? உங்களுக்கு அடுத்த சட்டை வரும். எம் புள்ளைக்கு அனுப்ப யாரு இருக்கா? ஆமா, ஜோர்ஜ் எழுதுறாப்புலயா?

– எழுதுவான், எழுதுவான். அவனுக்கு வேலை கூடிப் போச்சு.

– அண்ணே. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.

– சேச்சே, எந்திரி. அழாத. உள்ள பனியன் போட்டிருக்கேன், கழட்டித் தர்றேன். லேபல நாந்தான் பிரிப்பேன், நீ தொடாத.

– ஊசியில நூல் கோக்கவே என்னையக் கூப்புடுறவரு நீங்க. இப்பிடிக் குடுங்க, ஜன்னலுக்கிட்டப் போயி ஒரு நிமிசத்துல பிரிச்சிர்றேன்.

– வெளிச்சத்துக்குக் கொண்டு போவாத, நாகலெட்சுமி.

– ஏன், வெளிச்சத்துல என்ன… அண்ணே?

– குடு இங்க.

– அண்ணே, இந்தச் சட்டை முழுக்க ஆறு தையலுக்கு ஒண்ணு தாண்டியிருக்கே!