பின்கதவு மணி

எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் மனிதன் மனிதனானான். நெருப்பும் சக்கரமும் அதற்கப்புறம் வந்த சில்லறை விஷயங்கள். போகிற இடத்துக்குப் போய்விட்டு, யாரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்காமல், திரும்பி வந்து பேசாமல் தன் வேலையைப் பார்க்கிறானே, அதற்குப் பெயர்தான் நாகரிகம். இதைக் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் கட்டுரையாகவே எழுதியிருக்கிறேன். நடந்ததைச் சொல்வதற்கு முன் என் கொள்கை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய்க்குட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் என்று என்னை நினைத்துவிடுவீர்கள்.

குட்டியைக் கொண்டுவந்தவள் அக்கா. பழைய துண்டில் சுற்றி, மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி தூக்கி வந்தாள். அதனால் பொட்டலம் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவள் வேலை பார்த்த தையல் கூடத்தை மூடியதிலிருந்து சாப்பாட்டுக்கு மட்டும் அறையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தவள், பொட்டலம் வந்தபின் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். இதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பழக்கும் பொறுப்பும் அவளுடையதுதான். எங்கள் வீட்டில் கழிவறையே பின்கதவைத் தாண்டி, முற்றத்தின் கோடியில் இருக்கிறது. ஆகவே யாராக இருந்தாலும் அந்தக் கதவு வழியாகத்தான் போயாக வேண்டும். குட்டி நனைத்த செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து முற்றத்துச் சுவரோரம் போட்டு வைத்தாள். வாசனை பிடித்துக்கொண்டு மறுபடி அங்கேயே போகுமாம். பின்கதவில் ஒரு சின்ன மணியைத் தாழ்வாகக் கட்டினாள். வெளியே கூட்டிப் போகும்போதெல்லாம் அதன் காலைப் பிடித்து மணியைத் தட்டவைத்தாள். போய் முடித்ததும் "சமர்த்து" என்று ஒரு சொல், கூடவே அரை பிஸ்கட்.

இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பொட்டலம் முதல் தடவை சுவரோரம் உட்கார்ந்தபோது வீடே முற்றத்தில் திரண்டு கைதட்டியது. பால் பண்ணையில் தரம் பார்க்கிற அப்பா, ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்திலும் பல்லைக் காட்டாதவர், அவரும் தட்டினார். நிலுவையில் கிடந்த கணக்குத் தாளில் நான் தேறிய செய்தியும் அன்றைக்குத்தான் வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"சத்தம் போடாதடா, அது போயிட்டிருக்கு" என்றாள்.

மறுநாள் அந்தச் செய்தித்தாள் துண்டைச் சுவரோரத்திலிருந்து எடுத்து அப்பாவின் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். எடுத்தது இடுக்கியால்தான், நான் சுத்தக்காரன். பொட்டலம் மோப்பம் பிடித்து வந்தது, சொல்லிக்கொடுத்தபடி அங்கேயே உட்கார்ந்தது, முடித்துவிட்டுப் பிஸ்கட்டுக்காக அப்பாவை நிமிர்ந்து பார்த்தது. நல்ல மாணவன் என்றுதான் சொல்ல வேண்டும். தாளைத் திரும்ப எடுத்துவிட்டேன். அடுத்து அப்பாவின் செருப்பு. அதற்கடுத்து அவர் படுக்கை விரிப்பின் நுனி. ஒவ்வொரு தடவையும் அக்கா சோப்புத் தண்ணீரோடு மண்டியிட்டுத் தேய்த்தாள். நானும் வாளி தூக்கிக் கொடுத்து உதவினேன்.

"பாவம்டா, அதுக்கு இன்னும் புரியல" என்றாள்.

"சில ஜென்மங்களுக்கு ஏறாதுக்கா" என்றேன்.

அப்பா தீர்ப்பைச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாலும், எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்."

எதிர்பாராதது அதற்கப்புறம்தான் நடந்தது. பொட்டலம் படித்துவிட்டது. தாளை அதன் மூக்குக்கு நேராகவே வைத்துப் பார்த்தேன். முகர்ந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, நேராகப் போய்ப் பின்கதவு மணியைத் தட்டியது. அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஒரு நாய் மணியடித்து அனுமதி கேட்டுவிட்டு ஒதுங்கப் போவதை விடக் கேவலம் உண்டா என்று அன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. அதற்கு முதுகு சொறிந்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா சலூனுக்குப் போயிருந்தார். அம்மாவும் அக்காவும் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் அவர்கள் காலடிக்கும் ஹாலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் பச்சைக் கம்பளம், நான்.

தண்ணீரை ஊற்றலாம் என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அப்பாவின் மூக்கு லேசுப்பட்டது இல்லை. பால் கேன் மூடியைத் திறந்து ஒரு தடவை மூச்சிழுத்தாரென்றால், எந்த மாடு என்ன தின்றது என்பதுவரை சொல்வார். தண்ணீரோ டீயோ அவரிடம் எடுபடாது. அசல் சரக்காகத்தான் இருக்க வேண்டும். பொட்டலமோ ஒத்துழைப்பை நிறுத்திவிட்டது. மீதி இருந்தது ஒரே வழி.

அதைச் செய்தேன். நாய் எந்த மூலையைத் தேர்ந்தெடுக்கும் என்று நிதானமாக யோசித்து, அந்த மூலையிலேயே, அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன். பாதியில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்பா வந்து பார்த்துவிட்டு, குட்டியைக் கொண்டுபோக ஒரு பையை எடுத்து உதறினார். அக்கா கெஞ்சவில்லை. குட்டியின் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். அது வந்த பழைய துண்டை மடித்துக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். பொட்டலம் வாலாட்டியபடி துண்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் அப்பா.

கம்பளத்தின்மேல் மண்டியிட்டார். மூச்சிழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார்.

"இது நாய் இல்ல."

"பின்ன?" என்றாள் அம்மா.

"ஆளு. காலைல காப்பி குடிச்ச ஆளு."

எங்கள் வீட்டில் மற்ற மூவரும் டீதான் குடிப்பார்கள். மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. நான்காவதாகப் பொட்டலம் எழுந்து வந்து என் கால்சட்டையை முகர்ந்தது. பிறகு பின்கதவுக்குப் போய் எனக்காக மணியைத் தட்டியது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா கிண்ணத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"விடுங்கப்பா, இவனையும் பழக்கிடலாம்" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது.

"அது பிஸ்கட்டுக்கு மசிஞ்சுது. இந்தத் தடிமாட்டுக்கு என்னத்தக் குடுக்குறது?" என்றாள் அம்மா.

கம்பளத்தை நான்தான் தேய்த்தேன். வாளியை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஆக, செய்தது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. அடக்க முடியாமல் செய்ததல்ல, கொள்கைக்காகச் செய்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாராட்டுக்கு ஏங்குகிற ஆள் நானில்லை.

நேற்றுக் காலை முற்றத்துக்குப் போகும்போது கை தவறி அந்த மணியில் பட்டுவிட்டது. திரும்பி வரும்போது அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, வந்தது யாரென்று பார்க்காமல், "சமர்த்து" என்றாள். தெரியாமல் சொன்னதுதான். நானும் திருத்தப் போகவில்லை.

இன்று காலையும் குனிந்து தட்டினேன். அம்மா குழாயைத் திறந்து வைத்திருந்தாள், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. அவள் குழாயை மூடும்வரை நின்றிருந்து, இன்னொரு தடவை தட்டினேன்.