பல் டாக்டர் ஆற்றைக் கடக்க மறுத்த நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் மலைநடைச் சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் டாக்டரின் மனைவி, நம் அண்ணி அவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் டாக்டரின் நோயாளிகளே, அந்த ஆற்றங்கரையில் என்னோடு கயிறு பிடித்த தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் கோபப்படக் கூடாது என்ற நினைப்போடுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். ஆனால் இந்த மண்டபத்தின் படியேறும்போது அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வக்கீலம்மா, ஊரே பேசுதே... அவர் திட்டத்தை மாத்தினதாலதான் போயிட்டாரா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

உள்ளே வந்து பார்த்தால், தலைவரின் மேசைமேல் ஒரு தீர்மானம் தயாராக இருக்கிறது! 'அச்சிட்ட பயணத் திட்டத்தை வழியில் எவரும், எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது.' கூட்டம் முடிந்ததும் கைதூக்கச் சொல்லப் போகிறார்களாம். அண்ணியின் கேள்விக்கு இந்தச் சங்கம் தரும் பதில் இதுதானா? ஆமாம் அம்மா, உங்கள் கணவர் செய்த தப்புதான் அவரைக் கொன்றது என்று நாம் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கப் போகிறோமா? தலைவர் அவர்களே, மணியைத் தொடாதீர்கள். பேசி முடிக்காமல் இந்த மைக்கை நான் விடப்போவதில்லை.

நம் பல் டாக்டர் யார்? கடைத்தெருவில் மாடிப்படி ஏறினால் அவருடைய கிளினிக். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, தலைக்குமேல் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. நேரம் வாங்கியவர்கள் வரிசையில்தான் உள்ளே போகலாம். யாருடைய சிபாரிசும் அங்கே செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருநாள் நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தது என் முறை. அந்நேரம் பார்த்து ஒரு தாய், முகமெல்லாம் வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். பெஞ்சுக்கு முன்னால் நின்றார். "இந்தப் பிள்ளையத்தான் முதல்ல பாக்கப்போறேன். உங்க எல்லாருக்கும் நேரம் தள்ளிப்போகுது. வக்கீலம்மா, உங்களுக்குக் கோர்ட் இருக்கு, சாயங்காலம் வாங்க. பெரியவரே, நான் சொன்னது காதுல விழுந்துச்சா? எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

பெரியவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் உள்ளே போனார். நான் முறைத்தேன். "முறைச்சா பல்வலி போகாது வக்கீலம்மா" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்த் தேடுவேன்!

மலையிலும் அவர் இதே மனிதர்தான். திட்டம் போடுவதில் அவரைப்போல் பிடிவாதக்காரர் உண்டா? எந்த நேரத்தில் திரும்பி நடக்கத் தொடங்க வேண்டும் என்பதைக் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே முடிவு செய்வார். "உச்சிய பக்கத்துல பாத்துட்டா மனுஷனுக்குப் புத்தி மழுங்கிடும். அதனால இதை மட்டும் இங்கயே தீத்துடணும்" என்பார். அந்த நேரத்தை எவருக்காகவும் அசைக்க மாட்டார். நம் தலைவரையே கேளுங்கள்! ஒருமுறை உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "டாக்டர், இதோ தெரியுதே, ஒரே ஓட்டமா ஓடித் தொட்டுட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினார் வங்கி மேலாளரான நம் தலைவர். "தெரியட்டும் சார். அது எங்கயும் ஓடிப்போகாது. திரும்புங்க" என்றார் டாக்டர். தலைவர் இறங்கும் வழியெல்லாம் உம்மென்று வந்தார். பாதி வழியில் பனி இறங்கியது. முன்னால் போகிறவரின் முதுகுப்பை தெரியவில்லை. அப்போது டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் யார்? சிரிக்காதீர்கள், நானும் அவருடைய பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் நேரம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மாற்றத்தக்கதுதான். எந்த வழி, எங்கே தூக்கம், எந்த ஓடை, எதையும் மாற்றுவார். வானத்தைப் பார்ப்பார், உங்கள் குதிகாலைப் பார்ப்பார், மாற்றிவிடுவார். ஆனால் மாற்றியதை எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரிசையின் முகப்பில் அவர், கடைசியில் நான். அவர் சொன்னதை ஒவ்வொருவராகச் சொல்லி, அது என்னிடம் வந்து, நான் கத்தி, அவர் காதில் விழுந்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார். வெளியாட்கள் பார்த்தால் பைத்தியக்காரக் கூட்டம் என்பார்கள். அந்தக் கத்தலால்தான் இத்தனை காலம் ஒருவரும் வழி தவறவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அண்ணி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆற்றைக் கடந்து அக்கரையில் கூடாரம் போடுவது நம் திட்டம். மேட்டிலிருந்து டாக்டர் தண்ணீரைப் பார்த்தார். நிறம் மாறியிருந்தது. சருகும் சுள்ளியுமாக மிதந்து வந்தது. மலைக்கு மேலே எங்கோ மழை. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில்! "கடக்க வேண்டாம். மேல இருக்கற வனக்குடிலுக்குப் போறோம்" என்றார். சொல் வரிசையில் இறங்கி என்னிடம் வந்தது. நானும் கத்தினேன். ஏறத் தொடங்கினோம். கொஞ்ச தூரத்தில் தலைகளை எண்ணியவர் அப்படியே நின்றுவிட்டார். நம் அச்சகக்காரரைக் காணோம்.

அச்சகக்காரரை நீங்கள் அறிவீர்கள். நம் பயணத் திட்டங்களை அச்சடித்துத் தருபவர் அவர்தான். தான் அச்சுக்கோத்த எழுத்து பொய்யாகாது என்று நம்புகிற மனிதர். வயதானவர்கள் ஆற்றில் சிரமப்படக் கூடாதே என்று, யாரிடமும் சொல்லாமல், டாக்டருக்கும் முன்னால் போய் அக்கரைக்குக் கயிறு கட்டப் பார்த்திருக்கிறார். நல்லெண்ணம்தான், வேறொன்றும் இல்லை. நம் முறையில் சொல் பின்னால்தான் போகும். வழிகாட்டிக்கும் முன்னால் ஒருவன் போவான் என்று நாம் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

நாங்கள் இறங்கி ஓடியபோது அவர் ஆற்றின் நடுவே ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கயிற்றை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் அவர் முழங்காலில் இருந்தது, பிறகு தொடையில் இருந்தது. டாக்டர் எங்களிடமிருந்த ஒரே கயிற்றை இடுப்பில் கட்டினார். "டாக்டர், வேண்டாம்!" என்று அலறினேன். "வக்கீலம்மா, வாதாட நேரமில்ல. மரத்துல ஒரு சுத்து சுத்திப் பிடிங்க" என்றார். இறங்கிவிட்டார். எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பாறையைத் தொட்டதும் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு பேரைச் சேர்த்து இழுக்க எங்களுக்குத் தெம்பில்லை என்று அவருக்குத் தெரியும். அச்சகக்காரரின் இடுப்பில் கட்டி, "இழுங்க!" என்றார். இழுத்தோம். கை தோல் உரிய இழுத்தோம். அவரைக் கரையில் போட்டுவிட்டுக் கயிற்றைத் திருப்பி வீசினோம். எட்டவில்லை. மறுபடி வீசினோம். கயிறு அவர் கைக்குப் பக்கத்தில் விழுந்தது, அவரும் குனிந்தார். மேலிருந்து ஒரு பெரிய மரம் வந்தது. அதன் பிறகு பாறைமேல் யாரும் இல்லை.

அண்ணி! உங்கள் கேள்விக்கு இந்தச் சபையில் பதில் சொல்கிறேன். அவர் திட்டத்தை மாற்றியதால் சாகவில்லை. மாற்றியதால் நாங்கள் பிழைத்தோம். அச்சிட்டபடியே நடந்திருந்தால் அந்த வெள்ளம் வந்த நேரத்தில் எங்கள் வரிசை முழுவதும் நடு ஆற்றில் நின்றிருக்கும். இந்த மேடையில் ஒரு படத்தையா வைத்திருப்பீர்கள்? படம் வைக்க மேடை போதுமா? தலைவர் அவர்களே, நீங்களும் அன்று அந்த வரிசையில் வந்தவர்தானே! மாற்றியது தப்பில்லை. மாற்றியது ஒருவர் காதுக்குப் போய்ச் சேராததுதான் தப்பு. அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள், நானும் கைதூக்குகிறேன். 'வரிசைக்கு முன்னால் எவரும் போகலாகாது' என்று எழுதுங்கள், இரண்டு கையையும் தூக்குகிறேன். ஆற்றையே பார்க்காத காகிதத்திடம் எங்கள் உயிரை ஒப்படைக்கச் சொன்னால், நான் சங்கத்தை விட்டே போவேன்!

தலைவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிறார். பார்த்தேன். நன்றி ஐயா.

அடுத்த பயணம் நிற்காது. அதே ஆறு, அதே பாதை. கடைசியில் நடந்து பழகிய நான் முன்னால் நடக்கிறேன். திரும்பும் நேரத்தை ஊரிலேயே குறிப்பேன், அதை அசைக்க மாட்டேன். மற்றதைத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்வேன். டாக்டர் விட்ட இடத்திலிருந்து நாம் நடப்போம் என்று இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். திட்டத்தை வழக்கம்போல் நம் அச்சகக்காரரே அச்சடித்துத் தர வேண்டும். அவரும் எங்களோடு வர வேண்டும்.

அதோ, கடைசி வரிசையில் எழுந்து வெளியே போகப் பார்க்கிறாரே, அவர்தான். ஐயா, நில்லுங்கள்! யாரும் அவரை முறைக்க வேண்டாம். மலையிலிருந்து திரும்பி வந்த நாள்முதல் இந்த ஊர் அவரை முறைத்தது போதும். ஐயா, வாசலைப் பார்க்காதீர்கள், இங்கே முன்னால் பாருங்கள். அண்ணி தன் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைக்கிறார். உங்களைத்தான் கூப்பிடுகிறார். மெதுவாக வாருங்கள். நீங்கள் வந்து உட்காரும்வரை நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.